நாப்பத்தொண்ணாம் நம்பர் கண்ணு

கண்ணைத் திறக்காதேன்னு மூணு தடவை சொல்லியாச்சு, அம்மா திறக்கத்தான் பார்க்குது. வெந்நீர்ல முக்கின துணிக்கு அடியில இமை துடிக்கிறது என் விரலுக்குத் தெரியுது, கைக்குள்ள பொத்தின தட்டான் மாதிரி. "இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்குது, சும்மா படு." "மணி என்னடா ஆச்சு?" "எட்டே கால்." "எட்டரைக்கு வேன் வந்துருமேடா." "வந்தா நிக்கட்டும், உன்னைய உட்டுட்டா போயிருவான்?" "போவான். இன்னைக்குப் போனாலும் போவான்," அப்படின்னு சொல்லிட்டு அம்மா உதட்டை மடிச்சுக்கிச்சு. உதட்டை மடிச்சா பயம்னு அர்த்தம், பதினெட்டு வருஷமா பார்க்கிறேன் எனக்குத் தெரியாதா. இன்னைக்கு ஒம்பது மணிக்கு அம்மாவோட பனியன் கம்பெனியில, செக்கிங் டேபிள்ல, சூப்பர்வைசர் ராஜாமணி டெஸ்டுக்குன்னு இருபது பனியன் வைப்பாரு. அதுல அஞ்சுல ஓட்டையோ தையல் பிசகோ இருக்கும், எதுலன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். அஞ்சையும் பிடிச்சா அம்மா டேபிள்ல நிக்கலாம். ஒண்ணு விட்டாலும் கீழ உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டப் போகணும். பத்தொம்பது வருஷம் நின்ன டேபிள். அதனாலதான் அம்மா கண்ணைத் திறக்கப் பார்க்குது, கண்ணு தெரியுதான்னு நிமிஷத்துக்கு ஒருக்கா சோதிக்குது. நான் திறக்க வேண்டாம்கிறதுக்கு வேற காரணமும் இருக்கு. திறந்தா என் கையில இருக்கிறது என்ன துணின்னு பார்த்துரும். பார்த்தா டெஸ்டாவது ஒண்ணாவது, இங்கயே ஒரு சண்டை நடக்கும், அழுதுட்டே வேன் ஏறும், அழுத கண்ணோட போய் இருபது பனியனை எப்படிப் பார்க்கும்.

சூடு இறங்கிருச்சு. துணியை எடுத்து இன்னொண்ணை வெந்நீர்ல முக்கிப் பிழிஞ்சு என் மணிக்கட்டு உள்பக்கம் வச்சுப் பார்த்தேன். சரியா இருக்கு. சூடு விஷயத்துல என் கை தப்பாது, இது பெருமைக்குச் சொல்றது இல்ல, பெருமைக்குத்தான் சொல்றேன், சொன்னா என்ன. நான் வேற ஒரு கம்பெனியில அயர்ன் டேபிள்ல நிக்கிறவன். பதினொண்ணாவது பாதியில பள்ளிக்கூடத்தை விட்டேன், வீட்டுல கஷ்டம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அப்பா லாரி ஓட்டுறாரு, அம்மா டேபிள்ல நிக்குது, ரெண்டு பேரும் படி படின்னுதான் சொன்னாங்க. எனக்கு வரலை. பெஞ்சுல உட்கார்ந்தா கால் ஆடும், வாத்தியார் வாய் மட்டும் அசையும், சத்தம் கேட்காது. அயர்ன் டேபிள்ல போய் நின்ன அன்னைக்குத்தான் எனக்கும் ஏதோ ஒண்ணு வரும்னு தெரிஞ்சுது. மொத வாரம் ஒரு வெள்ளைப் பனியனைக் கருக்கினேன், அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் இல்ல. வரிவரியா இழுபடுற ரிப் துணிக்கு என்ன சூடு, மெல்லிசுக்கு என்ன சூடு, பிரிண்டு போட்டதுக்கு எவ்வளவு தள்ளி நிக்கணும், எல்லாம் கைக்குத் தெரியும், மண்டைக்குத் தெரியாது. அம்மா கண்ணைப் பார்த்த டாக்டரம்மா "பொறுக்கிற சூடு"ன்னு சொன்னாங்க. பொறுக்கிற சூடுன்னா ஆளாளுக்கு ஒரு சூடு. அம்மா எந்தச் சூட்டையும் பொறுத்துக்கும், அதனால அம்மாவைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. என் மணிக்கட்டைத்தான் கேட்கணும். வச்சேன். "ஸ்ஸ்" அப்படின்னுச்சு. "சுடுதா?" "இல்ல, இதமா இருக்குது." கையால அழுத்தாம, சும்மா பொத்தி மட்டும். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. அந்த இமைத் தோல் இப்ப வெங்காயத்தோட உள்சவ்வு மாதிரி இருக்கு. மூணு வாரத்துக்கு முன்னாடி சிவந்து தடிச்சு, ஓரத்துல பொருக்கு கட்டி, காலைல எழுந்தா ரெண்டு இமையும் ஒட்டிக்கிட்டு, அம்மா எச்சில் தொட்டுப் பிரிக்கும். அப்ப இருந்ததுக்கு இப்ப எவ்வளவோ தேவலாம். தேவலாமா. தேவலாம்னு நான்தான் சொல்லிட்டு இருக்கேன். அம்மாகிட்ட கேட்டா "ஆச்சு ஆச்சு"ங்குது. அந்த இருபது பனியன் என்ன சொல்லும்னுதான் தெரியலை.

ஏழு நிமிஷம் இருக்கு. டேபிள்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். தலைக்கு மேல டியூப் லைட்டு, கீழ வெள்ளைப் பலகை, பனியனை விரிச்சு முன்பக்கம், பின்பக்கம், தோள், கழுத்து, அக்குள், அடி மடிப்பு, அப்புறம் உள்ள கையை விட்டு விரிச்சு ஓட்டை. ஒரு பனியனுக்கு அம்மா எடுத்துக்கிறது நான் ரெண்டு தடவை மூச்சு விடுற நேரம். நல்லா இருந்தா ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டணும், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர், அம்மா நம்பர் நாப்பத்தொண்ணு. அந்த ஸ்டிக்கர் ஒட்டின பனியன் வாங்கினவங்ககிட்ட இருந்து திரும்பி வந்தா அது யார் கண்ணுன்னு ஊருக்கே தெரியும். இந்தப் புரட்டாசி வரைக்கும் பத்தொம்பது வருஷத்துல நாப்பத்தொண்ணு ஒருக்காகூடத் திரும்பினது இல்ல. சின்ன வயசுல எனக்குத் துணிக்கடையில சட்டை எடுக்கப் போனா கடைக்காரர் முகம் மாறும், அம்மா ஒவ்வொண்ணையும் விரிச்சு வெளிச்சத்துல பிடிச்சு "இங்க நூல் விட்டிருக்குதுங்க"ன்னு திருப்பிக் குடுக்கும், எனக்கு மானம் போகும். இப்ப நினைச்சா அது மானம் போற விஷயமே இல்ல. கடுகுல பாதி இருக்காது ஒரு ஊசி ஓட்டை, அதை ஓடுற கையில பிடிக்கிறவ என்ற அம்மா. புரட்டாசியில பதினொரு பீஸ் திரும்பி வந்துச்சு, இன்னைக்கு டெஸ்டே அதனாலதான். பதினொண்ணுலயும் நாப்பத்தொண்ணு. ராஜாமணி எல்லாத்தையும் டேபிள்ல வரிசையா விரிச்சுப் போட்டு, செக்கிங்கே சுத்தி நிக்க, "துளசிமணி, இதென்னம்மா?"ன்னாராம். பக்கத்து டேபிள் ரெஜினா அக்கா காதுல, "ஸ்டிக்கர் மாறிப்போச்சுன்னு சொல்லிரு துளசி, புதுப்புள்ளைங்க எடுத்து ஒட்டீருச்சுங்கன்னு சொல்லு, யாரு பார்த்தா"ன்னுச்சாம். அம்மா பதினொண்ணையும் ஒவ்வொண்ணா எடுத்துக் கண்ணுக்கிட்ட கொண்டு போய்ப் பார்த்துட்டு, "நான் ஒட்டினதுதானுங்க. என்ற கண்ணுத் தப்பு"ன்னு சொல்லுச்சாம். இதை அம்மா சொல்லலை, ரெஜினா அக்கா சொல்லுச்சு, "உங்கம்மாளுக்குப் பொழைக்கத் தெரியலடா தரணி"ன்னு. எனக்கு அன்னைக்கு நெஞ்சு விடைச்சுக்கிச்சு. பொழைக்கத் தெரியாதவளா. கூட்டத்துல நின்னு என்ற தப்புன்னு சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும். நான் பனியனைக் கருக்கினப்ப, அயர்ன் பெட்டி கோளாறுன்னுதான் சொன்னேன்.

துணி மாத்தினேன். இந்தத் துணி, அதுதான் பிரச்சினை. தினம் வைக்கிறது அப்பாவோட பழைய வேட்டித் துண்டு, ரெண்டு துண்டு, நான்தான் துவைச்சு வெயில்ல போடுறேன். நாலு நாளா அடைமழை, காலைல எடுத்துப் பார்த்தா ரெண்டும் ஈர நாத்தம். நாத்தமடிக்கிற துணியைக் கண்ணுல வைக்க என்னால முடியாது, ஏற்கெனவே ஒரு துணியால ஆனது போதும். அதையும் சொல்லிடறேன், மறைச்சு என்ன ஆகப்போகுது. அம்மா கண்ணு அரிக்குதுன்னு தேய்ச்சுட்டே இருந்தப்ப, நான் வேலை பார்க்கிற கம்பெனியில, துணி வெட்டுற இடத்துல விழுற துண்டுகள்ல மெத்துனு இருக்கிறதாப் பொறுக்கி ஒரு கட்டு கொண்டு வந்து குடுத்தவன் நான். குழந்தைத் துணிக்குப் போடுற ரகம், ரோஜா நிறம், பூனைக்குட்டி மாதிரி இருக்கும். இந்த ஊர்ல எல்லாரும் அதுலதான் மூக்கைச் சிந்துவோம், வண்டியைத் துடைப்போம், பிள்ளைக்கு வாயைத் துடைப்போம். புதுத் துணி, கடைக்குக்கூடப் போகாத துணி, அதைவிடச் சுத்தம் எதுன்னு நினைப்பு. அம்மா இடுப்புல சொருகி வச்சு நாளைக்கு அம்பது தடவை கண்ணைத் துடைக்கும். துடைக்கத் துடைக்கச் சிவந்துச்சு. சிவக்கச் சிவக்க நான் இன்னொரு கட்டு கொண்டு வந்தேன், இன்னும் மெத்துனு. டாக்டரம்மா "எதுல துடைக்கிறீங்க?"ன்னு கேட்டப்ப அம்மா இடுப்புல இருந்து எடுத்துக் காட்டி, "என்ற பையன் எனக்குன்னே கொண்டாந்து தர்றதுங்க"ன்னுச்சு. அந்தக் குரலை நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். டாக்டரம்மா மோந்து பார்த்திருப்பாங்க போல. "துவைக்காத துணிங்கம்மா. சாயம், மெத்துனு ஆக்கப் போடுற மருந்து, எல்லாம் இதுலயேதான் இருக்குது. உங்க தோலு இப்ப இதைத் தாங்காது." அம்மா, "அவனுக்குத் தெரியாதுங்க, பாவம்" அப்படின்னுச்சு. வீட்டுக்கு வந்ததும் "டாக்டர் புதுத்துணி ஆகாதுன்னாங்க"ன்னு மட்டும் சொல்லுச்சு, எந்தப் புதுத்துணின்னு சொல்லலை. இன்னைக்கு வரைக்கும் சொல்லலை. மெடிக்கல்ல குடுத்த அரிப்பு ட்யூப்பு ஒண்ணு, ஒரு மாசமா இமையில தடவிட்டு இருந்தது, அதை டாக்டரம்மா "இதுதான் தோலை இப்படி மெல்லிசாக்குது, கண்ணுக்கும் ஆபத்து, இனிமே தொடாதீங்க"ன்னு அங்கயே குப்பையில போட்டாங்களாம். ட்யூப்பு பத்தி அம்மா எல்லார்கிட்டயும் சொல்லுது. துணி பத்தி யார்கிட்டயும் இல்ல.

நாலு நிமிஷம். திரைக்கு இந்தப் பக்கம் நின்னேன்னு சொன்னேனே, அது ஏன்னா அம்மா போகச் சொல்லுச்சு. டாக்டரம்மா கண்ணுல விளக்கடிச்சுப் பார்த்துட்டு, "உங்களுக்கு என்ன வயசு? பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?"ன்னு கேட்டாங்க. அம்மா என்னைப் பார்த்து, "நீ வெளிய நில்லு சாமி"ன்னுச்சு. நான் நின்னேன். இப்ப நினைச்சா எதுக்குப் போனேன்னு இருக்கு. வெளிய நின்னா மட்டும் காது மூடிக்குமா, துணித் திரைதானே. அம்மா சொல்லுது, நாப்பத்தேழுங்க. ரெண்டு மாசம் நிக்குதுங்க, அப்புறம் பதினஞ்சு நாள்லயே வந்துருதுங்க. திடீர்னு உடம்பெல்லாம் கொதிக்குதுங்க, காத்தாடிக்கு நேரா மூஞ்சியைக் காட்டிட்டுப் படுத்தாத்தான் தூக்கம் வருதுங்க. எனக்கு எதுவும் தெரியாது. ஒரே ரூம்ல படுக்கிறோம், காத்தாடியை அம்மா ஏன் தன் பக்கமே திருப்புதுன்னு நான் சண்டை போட்டிருக்கேன். டாக்டரம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. தூரம், அதான் அந்த பீரியட்ஸ், நிக்கப்போற வயசுல உடம்புல சுரக்கிறது சிலது குறையும், அது குறைஞ்சா கண்ணுத் தண்ணியும் மாறும், இமைத் தோலும் வறண்டு மெலியும். "ஆனா தண்ணியா ஊத்துதுங்களே, காய்ஞ்சு போச்சுங்கறீங்க"ன்னு அம்மா கேட்டுச்சு, நல்ல கேள்வி, நானும் அதைத்தான் நினைச்சேன். "ஊத்துறது வெறுந்தண்ணிங்கம்மா. இமை ஓரத்துல எண்ணெய் சுரக்கிற இடம் இருக்கு, அந்த எண்ணெய் மேல படர்ந்தாத்தான் தண்ணி கண்ணுல நிக்கும். உங்களுக்கு அது மார்கழியில தேங்காய் எண்ணெய் மாதிரி உறைஞ்சு கிடக்குது. பாட்டிலை வெயில்ல வைப்பீங்கல்ல, அந்த மாதிரி தினம் ரெண்டு வேளை பத்து நிமிஷம் சூடு காட்டுங்க. டேபிள்ல நிக்கும்போது அப்பப்ப கண்ணை முழுசா மூடித் திறங்க." அப்புறம் ஒரு சொட்டு மருந்து, இமைக்குத் தடவ வழுவழுன்னு ஒண்ணு, அவ்வளவுதான். பொருமிட்டு இருந்த பயம் அந்தத் தேங்காய் எண்ணெயில எனக்கு இறங்கிருச்சு. குருடு இல்ல. உறைஞ்சிருக்கு. உறைஞ்சது உருகும். வண்டியில திரும்பி வரும்போது சிக்னல்ல நின்னோம், நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டாம, "ஏம்மா, தூரம் நிக்கிறதுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா"ன்னேன், கொஞ்சம் சத்தமாவே. பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தாரு. முதுகுல ஒரு அடி விழுந்துச்சு பாருங்க. "மெதுவாப் பேசுடா எருமை." அப்புறம் கொஞ்ச தூரம் போனதும் அம்மா என் தோள்ல தலையைச் சாய்ச்சுக்கிச்சு. நான் எட்டாவது படிச்ச காலத்துக்கு அப்புறம் அப்படிச் சாய்ஞ்சதில்ல. அம்மா சிரிச்சுதா அழுதுச்சான்னு தெரியலை, சட்டை நனைஞ்சுச்சு, வெறுந்தண்ணிதான் அது.

கடைசி மாத்து. இப்ப அம்மா கண்ணு மேல இருக்கிற துணியும் என் சட்டைதான், அன்னைக்கு நனைஞ்ச சட்டை இல்ல. இது பள்ளிக்கூடச் சட்டை. வேட்டித் துண்டு நாறுச்சுன்னு பீரோவைத் திறந்தேன், சேலை எல்லாம் பட்டும் பாலியஸ்டரும், பனியன் எல்லாம் சாயம், அடியில பிளாஸ்டிக் கவருக்குள்ள மடிச்சு இருந்துச்சு வெள்ளைச் சட்டை. மத்த பசங்களுக்கெல்லாம் கலப்புத் துணி, எனக்கு வேர்க்குதுன்னு அம்மா தேடி எடுத்த முழுப் பருத்தி. நூறு தடவைக்கு மேல துவைச்சது, நம்ம வீட்டுல அதைவிட மெத்துனு, அதைவிடச் சுத்தமா வேற துணி கிடையாது. ஒவ்வொரு ஜூனுக்கும் அம்மா அதை வெளிய எடுத்து உதறி, வெயில் காட்டி, "இப்பப் போய்க் கேட்டாக்கூட சேர்த்துக்குவாங்க"ன்னு என்னைப் பார்க்காம சொல்லிட்டு, மறுபடி மடிச்சு வைக்கும். எனக்கு அந்தக் கவரைப் பார்த்தாலே எரியும். இன்னைக்கு எரியலை. கத்திரியை எடுத்தேன், சட்டையோட இடது கையைத் தோளோட வெட்டினேன், குறுக்க ரெண்டாக்கி வெந்நீர்ல கொதிக்க வச்சேன். அப்ப சரின்னு இருந்துச்சு. இப்ப இந்த ஒரு நிமிஷத்துல சரியான்னு இருக்கு. டெஸ்ட் அன்னைக்கே இதைச் செய்யணுமா. கண்ணைத் திறந்ததும் மொதல்ல தெரியுறது இதுவா இருக்கணுமா. நாறின துணியையே வச்சிருக்கலாமோ. இல்ல, வைக்க மாட்டேன். பிசிறு வெட்டுற இடத்துல அம்மா கீழ உட்கார்ந்து, கையில சின்னக் கத்திரி, தலை குனிஞ்சு, ஒரு நூல், இன்னொரு நூல்... மேல டேபிள்ல நாப்பத்தொண்ணாம் நம்பர் வேற யாருக்கோ. அந்தப் படம் வருது, தள்ளுறேன், வருது. துணி ஆறிட்டு இருக்கு. ஆறட்டும், இன்னும் இருபது விநாடி. அம்மா கன்னத்துல சுருக்கம் எப்ப வந்துச்சு, நான் கவனிக்கலையே. நான் எதைத்தான் கவனிச்சேன்.

பத்து நிமிஷம் ஆச்சுன்னு போன்ல அலாரம் அடிச்சுச்சு. துணியைச் சட்டுனு பின்னால கொண்டு போகலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள அம்மா கை மேல வந்து துணியைப் பிடிச்சிருச்சு, கண்ணை மூடிக்கிட்டே. எழுந்து உட்கார்ந்து, கண்ணை மெதுவா ரெண்டு தடவை முழுசா மூடித் திறந்துச்சு, டாக்டரம்மா சொன்ன மாதிரி. இமை ஓரம் பளபளன்னு இருந்துச்சு, சிவப்பு இல்ல, பொருக்கு இல்ல. துணியைப் பார்க்கலை, என்னைப் பார்த்துச்சு.

"உன்ற சட்டை."

"ம்."

"வெச்சப்பவே தெரியும். வேட்டி இப்படி இருக்காது."

"அது நாறிப்போச்சும்மா. அப்புறம்... ஏற்கெனவே என்ற துணியாலதான..." அம்மா எழுந்து ஜன்னலுக்குப் போச்சு. சண்டை இப்ப வரும், இப்ப வரும்னு நிக்கிறேன். அம்மா ஈரத்துணியை உதறி வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சுச்சு, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மடிப்பு மேல ஓடுச்சு, டேபிள்ல ஓடுற அதே ஓட்டம், ஒரு மூச்சு, ரெண்டாவது மூச்சு வர்றதுக்குள்ள விரல் நின்னுருச்சு.

"இங்க பாரு. ஒரு தையல் உட்டிருக்குது."

போய்ப் பார்த்தேன். ஒண்ணும் தெரியலை. அம்மா நகத்தை வச்சுக் காட்டுச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, கை மடிப்புல நூல் ஒரே ஒரு இடத்துல தாண்டியிருக்கு, எள்ளுல பாதி. ஒரு வருஷத்துக்கு மேல நான் போட்டது, அம்மா துவைச்சது, அதுக்கப்புறம் ரெண்டு ஜூன் மடிச்சு வச்சது. "கடையில எடுக்கறப்ப இதை எப்படி உட்டேன்," அப்படின்னுச்சு அம்மா, வருத்தமா இல்ல, ஒரு மாதிரி திமிரா. உதடு மடியலை. எனக்குத் தெரிஞ்சு போச்சு, ராஜாமணி அஞ்சு வச்சிருந்தா அஞ்சும் அவுட்டு, தெரியாம ஆறாவது ஒண்ணு இருந்தா அதையும் எடுத்து அவர் முன்னாடியே போடும்.

வெளிய வேன் ஹாரன். அம்மா ரெண்டு சொட்டு மருந்து விட்டு, பையை மாட்டி, செருப்புக்குள்ள காலை விட்டுட்டு, வாசல்ல நின்னு திரும்பாமலே சொல்லுச்சு: "அந்த மிச்சத்த மடிச்சு கவருக்குள்ளயே போட்டு பீரோவுல வெய்யி சாமி. கை போனா என்ன, வேற கை வெச்சுத் தெச்சுக்கலாம்." சரின்னேன். வேன் கிளம்பின சத்தம் தெருமுனை தாண்டுற வரைக்கும் கையில சட்டையோடதான் நின்னேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்த பத்து நிமிஷம், மழையும் விட்ட பாடில்ல, இந்த ஈரத் துண்டு அதுக்குள்ள காயாது. கத்திரியை எடுத்தேன், வலது கையையும் தோளோட வெட்டினேன்.